மெழுகு என்று சொன்னது யார்?

"அடிபட்ட அன்னைக்கு என்ன பார்த்தீங்க? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

கேட்கவே கூடாது என்று மூன்று பேர் எனக்குச் சொல்லியிருந்த கேள்வி இது. மறுவாழ்வுப் பயிற்சி மையத்தின் பயிற்சியாளர் சொல்லியிருந்தாள். எங்களை வரவழைத்த, அடிபட்டவரின் தங்கை வாசலிலேயே வழிமறித்துச் சொல்லியிருந்தாள். துப்பறியும் நிறுவனம் நடத்துகிற என் முதலாளி தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். "அந்தம்மா தானா பேசினா கேட்டுக்க. நீயா எதையும் தோண்டாதே."

தோண்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் அது வரவே இல்லை. ஜன்னல் முழுக்கக் கறுப்பு அட்டை ஒட்டி, ஓரத்தில் ஒட்டுநாடா வைத்து அடைத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றியிருந்தார்கள். அந்த டிக் டிக் சத்தம் தாங்கவில்லையாம்.

கட்டிலில் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு கிரேன் ஓட்டுநர். குழாய்த் தொழிற்சாலை யார்டில் பன்னிரண்டு டன் இரும்பைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கிவைப்பார் என்று பெயர். நாலு மாதத்துக்கு முன் வேலையிடத்தில் தலையில் அடி. மண்டை உடையவில்லை. உள்ளே மூளை குலுங்கிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. தொல்லையே அதுதான். உடைந்த கையைக் காட்டினால் ஊரே எழுந்து இடம் கொடுக்கும். குலுங்கிய தலையை எதைக் காட்டி நம்ப வைப்பது?

தலைவலி. வெளிச்சம் ஆகாது. திரும்பினால் சுவரும் கூடவே திரும்பும். இதெல்லாம் போக இன்னொன்று. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் சில வார்த்தைகளை முணுமுணுக்கிறார். என்ன, ஏது என்று அவருக்கே தெரியாது. அடிபட்ட நொடியில் அக்கா யாரையோ, எதையோ பார்த்திருக்கிறாள், அதுதான் இப்படி வெளியே வருகிறது, இது விபத்தே அல்ல என்பது தங்கையின் சந்தேகம். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா திரும்பக் கிரேனில் ஏறியாக வேண்டும். 'வேலைக்குத் தகுதி' என்று சான்றிதழ் வந்துவிட்டது. அதற்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

கிரேன்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

"ஏணி," என்றார்.

என்னோடு வந்திருந்த என் அண்ணி நோட்டைத் திறந்தார்.

"பஞ்சு. சாவி."

குரல் அவருடையதாக இல்லை. யாரோ பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க, வாய் மட்டும் அசைவதுபோல ஒரே தாளத்தில் வந்தது.

"குதிரை."

அங்கே நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கினார். அடுத்ததைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"மெழுகு," என்றது ஒரு குரல்.

தங்கை என்னைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அது என் குரல் என்று எனக்கு உறைத்தது.

தலையைத் திருப்பவே கூடாத அந்த அம்மா, மெல்ல, மிக மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து, கட்டிலோரம் இருந்த வாளியில் வாந்தி எடுத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. தங்கை ஓடி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காதீங்கன்னு சொன்னேன்ல. இதுக்காடி உன்னைக் கூப்பிட்டேன்? இனி ரெண்டு நாளைக்கு அவ தலை நிமிராது."

என் வயதுதான் அவளுக்கும். 'டி' போட அவளுக்கு உரிமை உண்டு. தலைகுனிந்து வெளியே வந்தேன்.

மாடிப்படியில் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தக் கடைசி வார்த்தை உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு, பட்டதாரி?"

"தெரியல அண்ணி."

"நீ இதுவரைக்கும் படிச்சதைத்தான் ஒப்பிப்ப. இப்ப படிக்காததும் வருது. இந்த வித்தை அப்பவே இருந்திருந்தா கணக்குல அரியர் வச்சிருக்க மாட்ட."

அண்ணி என் அண்ணன் மனைவி. ஒன்பது வருடம் ஜவுளிக்கடை கவுண்டரில் நின்றவர். கடைக்குள் வருகிறவர் வாங்குவாரா, பார்த்துவிட்டுப் போவாரா என்று காலைப் பார்த்தே சொல்வார். எட்டு மாதமாக என் ஸ்கூட்டரை அவர்தான் ஓட்டுகிறார். எனக்கு ஓட்டப் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இல்ல."

"எனக்கு இருக்கு. பேய் பிடிக்கிறதுன்னா அவங்கவங்களுக்குத் தனித்தனியாப் பிடிக்கணும். இப்படிப் பங்கு போட்டுக்கிட்டு ஒரே பேய் ரெண்டு பேரைப் பிடிச்சு நான் கேள்விப்பட்டதில்ல."

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யார்டில் இருந்தோம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு நூல். அந்த ஐந்து வார்த்தைகள்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களில் தங்கை சந்தேகப்பட்ட ஆள் தானே வந்து எங்களை அழைத்துப்போனார். கிரேனுக்குக் கீழே நின்று மேலே இருப்பவருக்குக் கையால் சைகை காட்டுகிறவர். எல்லோரும் அவரைக் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக அந்த அம்மாவுக்குக் கை காட்டியவர் இவர்தான். அடிபட்டபோது பக்கத்தில் நின்றவரும் இவர்தான்.

"ஏணி இருக்கா?" என்றேன்.

"ஏணி இல்லாம கிரேன்ல எப்படி ஏறுறது, பறந்தா?"

உண்மைதான். தூணோடு தூணாக இரும்பு ஏணி மேலே போனது. அண்ணாந்து பார்த்தேன். தகரக் கூரையின் இடுக்கில் வெயில் கண்ணைக் குத்தியது. கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன்.

"பஞ்சு?"

கிரீஸ் துடைக்கிற கழிவுப் பஞ்சு ஒரு பீப்பாய் நிறைய இருந்தது. சாவி, கிரேன் அறைக்குள் தொங்கியது. அண்ணி ஒவ்வொன்றாக நோட்டில் டிக் அடித்தார். ஏணி, பஞ்சு, சாவி மூன்றும் பத்தடிக்குள் இருந்தன. யாரோ ஏணியில் கிரீஸ் தடவியிருந்தால்?

"குதிரை?" என்றார் அண்ணி.

கைகாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குதிரை கிடையாதும்மா. கழுதைங்க உண்டு. ஷிஃப்டுக்கு நாப்பது."

"மெழுகு?"

"சர்ச்சா நடத்துறோம்?"

அண்ணி நோட்டை மூடி என் காதருகே சொன்னார். "அஞ்சுல மூணு பொருந்துது, ரெண்டு பொருந்தல. எங்க கடையில ஒரு மேனேஜர் இருந்தார். மூணு பட்டன் சரியா இருந்தா சட்டையே தன்னோடதும்பார். ஏணியும் பஞ்சும் சாவியும் எங்க வீட்டுலயும்தான் இருக்கு. அதுக்காக உங்கண்ணன் என்னைத் தள்ளிவிட்டார்னு அர்த்தமா?"

எரிச்சலாக வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி.

நேரடியாகக் கேட்டேன். "அவங்களை நீங்க அடிச்சீங்களா?"

கைகாட்டி கோபப்படவில்லை. இரண்டு கையையும் பேன்டில் துடைத்துக்கொண்டார்.

"கொக்கி ஆடுச்சு. காத்து. அவ இறங்கி ஏணிக் கடைசிப் படில கால் வச்சா. பக்கவாட்டுல வந்து ஹெல்மெட்ல பட்டுச்சு. பதினாலு பேர் பார்த்தோம். அடிபட்டு எந்திரிச்சு உக்காந்து, 'சங்கிலியை இறக்கிட்டீங்களா'ன்னு கேட்டா. அடிச்சது யாருன்னு தேடுறீங்க. யாரும் இல்ல. அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

"என்ன?"

"போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். சும்மா விளையாட்டா கை காட்டினேன். ஏத்து, இறக்கு, நிறுத்து. எல்லாம் தெரியுது அவளுக்கு. ஆனா நிறுத்துன்னு காட்டினா, மூணு எண்ணி முடிச்ச பிறகுதான் அவ கை நிக்குது." ஒரு உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். "திங்கக்கிழமை பன்னெண்டு டன் மேல தொங்கும். கீழ நிக்கறது நான். அந்த மூணு எண்ணுற நேரத்துல நான் இருக்கேனா இல்லையான்னு யார் சொல்றது?"

"மேல சொல்லலையா?"

"சொன்னேன். பரீட்சையில அஞ்சுக்கு அஞ்சு எடுத்துட்டா, ஓட்டலாம்னு காகிதம் வந்திருச்சு, நீ என்ன டாக்டரான்னு கேட்டாங்க."

"எதுல அஞ்சுக்கு அஞ்சு?"

"ஞாபகப் பரீட்சையில."

அண்ணி நோட்டைத் திரும்பத் திறந்தார். ஒரு பக்கத்தில் ஐந்து வார்த்தைகள். ஐந்துக்கு ஐந்து. நாங்கள் இருவரும் ஸ்கூட்டரை நோக்கி நடந்தோம்.

*

பயிற்சி மையம் இரண்டாவது மாடியில். விளக்குகளைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். யாரும் செருப்புச் சத்தம் வரும்படி நடக்கவில்லை. ஒரு கூடத்தில் நடுவயது ஆள் ஒருவர் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை, இல்லை என்று யாரிடமோ மறுத்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. இன்னொரு பெண் மெத்தென்ற பஞ்சணையில் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடினாள். மூடிய மறுநொடி அவள் கை காற்றில் சுவரைத் தேடியது.

பயிற்சியாளர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வெடுவெடு என்று பேசினாள்.

"நேத்து கேட்டீங்களாமே. தங்கச்சி போன் பண்ணினா."

"தப்புதான்."

"தப்பு இல்ல, ரெண்டு வார உழைப்பு போச்சு." ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். கிரேன்காரம்மாவின் தினசரிக் குறிப்பு. தலைவலி எத்தனை, தலைசுற்றல் எத்தனை, வெளிச்சம் எத்தனை என்று பூஜ்யத்திலிருந்து ஆறு வரை தானே போட்ட எண்கள். அதை வைத்து வரைந்த கோடு நொண்டி நொண்டி இறங்கியது. இரண்டு நாள் நன்றாக, ஒரு நாள் மோசமாக. "இது பொய் சொல்றவங்க கோடு இல்ல. பொய்யின்னா நேரா இருக்கும். இவங்க தேறிடுவாங்க. ஆனா தள்ளினா தேற மாட்டாங்க. கொஞ்சம் நடக்க விடணும், தொல்லை எண் ரெண்டு படி ஏறினதும் நிறுத்தணும், மறுநாள் இன்னும் கொஞ்சம். இன்னும் மூணு மாசம் ஆகும்."

"அப்புறம் ஏன் திங்கக்கிழமைக்குத் தகுதின்னு கொடுத்தீங்க?"

"நான் கொடுக்கல. என் வேலை பயிற்சி. தகுதி பார்க்கறது வெளியிலேர்ந்து வர்ற மதிப்பீட்டாளர். எல்லாக் கம்பெனிக்கும் அவங்கதான். இங்க சனிக்கிழமை வருவாங்க. கதவைச் சாத்திப்பாங்க. உள்ள என்ன கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாதாம்." பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க."

கழற்றினேன். பாதி வெளிச்சத்துக்கே கண் கூசியது.

"உங்களுக்கு எத்தனை மாசம்?"

"எட்டு. கோடவுன் ஷட்டர் தலையில இறங்கிடுச்சு. இப்ப சரியாகிடுச்சு. காகிதம் இருக்கு."

"ஆமா, காகிதம் இருக்கு," என்றார் அண்ணி. "எங்க மாமனார் அதை டிகிரி சர்டிபிகேட்டோட சேர்த்து ஒரே பீரோவுல வச்சிருக்கார். வீட்டுக்கு வர்றவங்களுக்கு ரெண்டையும் காட்டறார்."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "அந்தக் காகிதம் யார் கொடுத்தா?"

யோசித்தேன். அந்த வாரங்களில் எனக்கு ஞாபகமிருப்பது ஒரு மின்விசிறி மட்டும்தான். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஒரு சின்ன மருத்துவ அறை. வியாழக்கிழமைகளில் யாரோ எதிரே உட்கார்ந்து ஏதோ படித்தார்கள். முகம் இல்லை, குரல் இல்லை. அந்த இடத்தில் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது.

மதிப்பீட்டாளரின் கதவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஆறு பேர் காத்திருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர், சீருடையில். மின்கம்பம் ஏறுகிறவர், இடுப்பு வாரோடு. ஒரு செவிலி. மற்ற மூவர் யாரென்று தெரியவில்லை. எல்லோரும் தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ அணிந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் அறிமுகமில்லை.

அவர்கள் முன்னால் போய் நின்றேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே முழுதாகத் தெரியவில்லை.

"ஏணி," என்றேன்.

யாரும் நிமிரவில்லை. ஒரு நொடி. இரண்டு.

"பஞ்சு," என்றார் ஓட்டுநர். தலையைத் தூக்கவே இல்லை.

"சாவி." இது செவிலி.

"குதிரை," என்றது மூலையில் ஒரு குரல்.

பிறகு ஆறு பேரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல ஒரே தாளத்தில், "மெழுகு," என்றார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செவிலி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. முதல் முறையாக அவரிடம் ஜோக் எதுவும் இல்லை.

கதவு திறந்தது. மதிப்பீட்டாளர் ஐம்பது வயதுப் பெண். நேர்த்தியான உடை, நேர்த்தியான கோப்பு.

"என்ன சத்தம் இங்க?"

"உங்க ஞாபகப் பரீட்சை மேடம். நாங்களே நடத்திட்டிருக்கோம்," என்றேன். "கேள்வி அட்டையைக் காட்டுங்க."

"அதெல்லாம் வெளியாளுக்குக் காட்டறதில்ல."

"அதுல இருக்கறது இந்த பெஞ்சு முழுக்கத் தெரியும். இனி யார்கிட்ட மறைக்கப் போறீங்க?"

அவர் பெஞ்சைப் பார்த்தார். பிறகு கோப்புக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, மூலைகள் தேய்ந்து மஞ்சளாகியிருந்தது. ஐந்தே வார்த்தைகள்.

"எத்தனை அட்டை இருக்கணும்?" பயிற்சியாளர் என் பின்னாலிருந்து கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"ஆறு பட்டியல். ஒவ்வொரு வாரமும் மாத்திக் கேக்கணும்னுதான் விதி. ஆறும் பெட்டியில வந்துச்சு." மதிப்பீட்டாளர் நிதானமாகத்தான் சொன்னார். "மொழிபெயர்த்தது ஒண்ணுதான். மத்ததை மொழிபெயர்த்து அனுப்பறோம்னாங்க. வரல. நானும் ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன்."

"எத்தனை வருஷமா இந்த ஒண்ணு?"

"நாலு."

நாலு வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும், வியாழக்கிழமையும். இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவர்கள், கம்பம் ஏறுகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள், எத்தனை மண்டைக்குள் இந்த ஐந்து வார்த்தைகள் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன? நான் சாலையைக் கடக்கும்போது எதிரே வருகிற வண்டிக்குள் எத்தனை பேர் காரணம் தெரியாமல் குதிரை, மெழுகு என்று முணுமுணுக்கிறார்கள்?

"முதல் வாரம் ஒண்ணு சொல்வாங்க. அடுத்த வாரம் ரெண்டு. ஆறாவது வாரம் எல்லாரும் அஞ்சு." மதிப்பீட்டாளரின் குரல் இப்போது இறங்கிவிட்டது. "என்கிட்ட வந்தவங்க எல்லாரும் தேறிட்டாங்கன்னுதான் நான்..."

"அது ஞாபகம் இல்ல மேடம். மனப்பாடம்," என்றேன். "எனக்குத் தெரியும். எங்க வீட்டுல முதல் டிகிரி நான். வகுப்புல சொல்றது ஒண்ணும் புரியாம, மூணு வருஷம் உருப்போட்டு வாங்கின டிகிரி. உருப்போட்டா அஞ்சுக்கு அஞ்சு வரும். அதுக்குப் பேர் தேறினது இல்ல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மூணாவது மாடி. வியாழக்கிழமை. நீங்களும் என்கிட்ட வந்தீங்கல்ல? நல்லாச் செஞ்சீங்களே."

இவர் முகத்தை நான் ஆறு வாரம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த நிமிடம் வரை அது அந்நிய முகம்.

அண்ணிதான் முன்னால் வந்தார். பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, துணி விரிக்கிற பாவனையில் கையை வீசினார்.

"புதுச் சரக்கு ஒண்ணு இறக்கறேன், எல்லாரும் கேளுங்க. ஊசி, செங்கல், ஆமை, குடை, தட்டு. அவ்வளவுதான்."

பிறகு பத்து நிமிடம் ஜவுளிக்கடைக் கதை சொன்னார். கண்ணாடி முன் தன்னையே வேறு யாரோ என்று நினைத்து வழிவிட்டு நின்ற ஒரு வாடிக்கையாளர் கதை. செவிலிகூடச் சிரித்தாள். கதை முடிந்ததும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஆச்சு. இப்ப சொல்லுங்க, என்ன அஞ்சு?"

ஓட்டுநர் இரண்டு சொன்னார். கம்பம் ஏறுகிறவர் ஒன்று. செவிலி ஒன்று சொல்லி, அதுவும் சந்தேகம் என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். கேட்க விருப்பமில்லாமல் கேட்டார்.

"நீ?"

வாயைத் திறந்தேன். கண்ணாடி ஞாபகம் இருந்தது, வாடிக்கையாளர் ஞாபகம் இருந்தது. அந்த ஐந்து வார்த்தைகள் இருந்த இடத்தில் ஏணி நின்றது. அதன் பின்னால் பஞ்சு. அதன் பின்னால் சாவி.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக்கொண்டார். தன் பரீட்சை பொய்த்ததைத் தன் கையாலேயே எழுதினார். அதற்காக அவரை நான் பாதி மன்னித்தேன். மீதியை மன்னிக்கப் போவதில்லை.

பயிற்சியாளர் ஒரு தாளை எடுத்து எழுதினாள். இந்த ஒரே அட்டையால் தகுதி பெற்றவர்கள் எல்லோரையும் திரும்பச் சோதிக்கும் வரை அந்தச் சான்றிதழ்கள் செல்லாது. கிரேன் ஓட்டுநரின் சான்றிதழ் முதலில். கீழே மதிப்பீட்டாளர் கையெழுத்திட்டார். சாட்சியாக எங்கள் கையெழுத்து வேண்டும்.

பேனா பெஞ்சில் கைமாறியது. யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"இதுல போட்டா என் வண்டி போயிடும்மா," என்றார் ஓட்டுநர். "பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன். சமாளிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நானும்தான் சமாளிக்கிறேன் அண்ணே," என்றேன். "நேத்து ஒரு அம்மாகிட்ட கேக்கக் கூடாததைக் கேட்டேன். துணிச்சல்னு எங்க அண்ணி நினைச்சாங்க. துணிச்சல் இல்ல. கேக்கக் கூடாதுன்னு மூணு பேர் சொன்னது அந்த நிமிஷம் என் தலையில இல்ல. அந்தம்மா வாந்தி எடுத்த பிறகுதான் திரும்பி வந்துச்சு. நான் மறந்தா ஒருத்தர் வாந்தி எடுக்கறாங்க. நீங்க மறந்தா உள்ள அறுபது பேர்."

அண்ணி தரையைப் பார்த்தார். அவருக்கும் இது புதிது.

பேனாவை வாங்கி முதல் கையெழுத்தை நான் போட்டேன். முழுப் பெயர், பட்டத்தோடு. சிறிது நேரம் கழித்து ஓட்டுநர் கை நீட்டினார்.

பகல் ஒரு மணிக்குத் தங்கை வந்து தாளை வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போனாள். போகும்போது என்னைத் திட்டவில்லை. "அப்ப யாரும் அவளை அடிக்கல," என்று மட்டும் சொன்னாள். ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியாத குரல்.

*

மாலை ஐந்து மணிக்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் குழல்விளக்கு எரிந்தது.

"உக்காரும்மா."

நின்றேன்.

"யார்டுலேர்ந்து போன் வந்தது. திங்கக்கிழமைப் பட்டியல்லேர்ந்து அந்தம்மா பேரை எடுத்துட்டாங்க. கீழ கை காட்டுற ஆள் அழுதானாம்." மேசை மேல் கிடந்த நகலைத் தட்டினார். "நல்ல வேலை. அதை நான் இல்லைங்கல. ஆனா இந்த முதல் கையெழுத்து எதுக்கு?"

"சாட்சி சார்."

"உன்னை ஏழாவது வாரம் வெளி வேலைக்கு அனுப்பினது நான். இந்தத் தாள்ல உன் பேர் இருந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. உன்னையும் வெளியில அனுப்ப முடியாது. தலை சரியில்லாத பொண்ணை வச்சு யார் துப்பறியச் சொல்லுவாங்க?" நாற்காலியில் சாய்ந்தார். குரலில் அக்கறை சேர்ந்துகொண்டது. "சாட்சிக் கையெழுத்து ஏழு இருக்கு. ஒண்ணு குறைஞ்சா யாருக்கும் தெரியப் போறதில்ல. உன் பேரை அடிச்சுட்டு வேற தாள்ல எழுதிக் கொடுக்கச் சொல்லு. எல்லாம் பழையபடி."

"பழையபடின்னா, அண்ணி வண்டி ஓட்டுவாங்க, நான் பின்னால கண்ணை மூடிக்கிட்டு வருவேன். அதானே?"

"அது எனக்குத் தெரியாது."

"கேக்கல, அதனால தெரியாது."

அவருக்கு முகம் சிவந்தது. எனக்குக் குழல்விளக்கு மண்டைக்குள் இரைந்தது. கண்ணைச் சுருக்கினேன். எட்டு மாதமாக இந்த அறையில் ஒரு தடவைகூடச் சுருக்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாய் நின்று, வெளியே போய்க் கழிவறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொள்வேன்.

"அவசரப்படாதே," என்றார். "ஞாயிறு பூரா யோசி. திங்கக்கிழமை காலையில வந்து சொல்லு."

"திங்கக்கிழமை முடியாது சார். ஒன்பதரைக்கு எனக்குப் பயிற்சி. மத்தியானமே பேர் கொடுத்துட்டேன். மூணு மாசம்."

"அப்ப இந்த வேலை?"

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி நகலின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க நான் நிற்கவில்லை.

வெளியே மூன்று மாடிப் படிகள். வழக்கமாக அலுவலகத்தில் யாராவது பார்க்கிற தூரம்வரை விறுவிறுவென்று இறங்குவேன். இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சக ஊழியர்கள் இரண்டு பேர் மேலே ஏறி வந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள், என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"தலை சுத்துது," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.